ரேஷன் கார்டில் யார் பெயர் இருக்கிறது?

குடியாத்தத்தில் இருக்கும் என் அத்தையின் ரேஷன் கார்டில் சென்ற ஆண்டு வரை ஐந்து பெயர்கள் இருந்தன. வீட்டில் இருந்தவர்களோ மூன்று பேர். மாமா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மகள் திருமணமாகி வாணியம்பாடிக்குப் போய்விட்டாள். பெயர்களை ஏன் நீக்கவில்லை என்று கேட்டால், "எடுத்தால் அரிசி குறைந்துவிடும்" என்பார். அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. கார்டில் இருக்கும் மாமாவின் சிறிய படத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை துடைத்துவிட்டுப் பையில் வைத்துக்கொள்வார்.

இதுவரை வீட்டுப் பெரியவர்கள் பார்த்துக்கொண்ட ரேஷன் வேலை திடீரென்று தம் தலையில் விழுந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கார்டு என்ன தருகிறது, பதிலுக்கு நம்மிடம் என்ன கேட்கிறது என்பதுதான் விஷயம். ஏழை என்று நிரூபிக்கச் சொல்கிறது, அரசுக்கு நன்றி சொல்லச் சொல்கிறது என்றெல்லாம் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அது கேட்பது ஒரு கணக்கு: இந்த அடுப்பில் சமைத்துச் சாப்பிடுபவர்கள் யார் யார்? மற்ற விதிகள் பெரும்பாலும் இந்தக் கேள்வியிலிருந்துதான் கிளைக்கின்றன.

முதலில் கார்டைக் கையில் எடுங்கள். 2017 முதல் நமக்குக் கிடைத்திருப்பது மின்னணு அட்டை, எல்லோரும் ஸ்மார்ட் கார்டு என்கிறோம். குடும்பத் தலைவரின் படத்தை ஒட்டிச் சில ஆங்கில எழுத்துகள் இருக்கும். பலர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். 'பி.எச்.எச்.' என்றிருந்தால் முன்னுரிமைக் குடும்பம். அதனுடன் 'ஏ.ஏ.ஒய்.' சேர்ந்திருந்தால் அந்தியோதயா அட்டை. வருமானத்துக்கு உறுதியான வழியில்லாத மிக ஏழைக் குடும்பங்களுக்கு, குறிப்பாக விதவைகளும் முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் தலைமை தாங்கும் வீடுகளுக்கு, உள்ள வகை இது. தலை எத்தனை என்று எண்ணாமல் மாதம் 35 கிலோ அரிசி. 'என்.பி.எச்.எச்.' என்றால் முன்னுரிமையற்ற குடும்பம். இதிலும் அரிசி உண்டு. அதன் வாலில் 'எஸ்' இருந்தால் சர்க்கரை அட்டை: அரிசி கிடையாது, அதற்குப் பதில் கூடுதல் சர்க்கரை. 'என்.சி.' இருந்தால் எந்தப் பொருளும் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தவர். முகவரிச் சான்றாக மட்டும் கார்டை வைத்திருப்பவர்.

இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது? தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இல் வந்தது. நாட்டின் கிராம மக்களில் 75 சதவீதம் பேருக்கும் நகர மக்களில் 50 சதவீதம் பேருக்கும் மாதம் ஆளுக்கு 5 கிலோ தானியம் பெறும் உரிமையை அது தந்தது. தமிழ்நாடு அதை 2016 நவம்பர் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. ஆனால் இங்கே அதற்கு முன்பே கேட்ட எல்லோருக்கும் அரிசி கொடுக்கும் வழக்கம் இருந்தது. சட்டத்தின்படி மத்திய அரசின் ஒதுக்கீடு நம் மக்களில் சுமார் பாதிப் பேரைத்தான் தொடுகிறது. மீதிப் பேரைக் கைவிட முடியாது என்று மாநில அரசு தன் செலவில் அவர்களுக்கும் கொடுக்கிறது. ஆகவே முன்னுரிமை உள்ளவர், அற்றவர் என்பது முதன்மையாக அரிசியின் செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது என்பதைப் பற்றியது. கடையின் வரிசையில் இருவரும் ஒரே மூட்டையிலிருந்துதான் வாங்குகிறார்கள்.

இது புரியாததால் 2017இல் ஒரு பெரிய பீதி கிளம்பியது. யாரெல்லாம் முன்னுரிமைப் பட்டியலில் வர முடியாது என்று அரசிதழில் விதிகள் வெளியாயின. வருமான வரி கட்டுபவர், அரசு ஊழியர், 5 ஏக்கருக்கு மேல் நிலம் உள்ளவர், சொந்த உபயோகத்துக்குக் கார் வைத்திருப்பவர், வீட்டில் ஏ.சி. மாட்டியவர் என்று பட்டியல் நீண்டது. "கார் வாங்கினால் ரேஷன் கிடையாது" என்று செய்தி ஊரெல்லாம் ஓடியது. வேலூரில் பழைய மாருதியைத் தவணையில் வாங்கிய ஒருவர், கடைக்குப் போகும்போது வண்டியை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போனதை நானே பார்த்திருக்கிறேன். அந்த விதிகள் முன்னுரிமைப் பட்டியலுக்கு மட்டும்தான். அதில் இடமில்லாதவர்களுக்கும் பொருள் தொடரும் என்று அரசு அப்போதே விளக்கியது, தொடரவும் செய்தது. அவர் இன்றும் வண்டியை அங்கேதான் நிறுத்துகிறார். பழகிவிட்டது போலும்.

தானமா, உரிமையா?

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். அரிசியில் வண்டு இருக்கிறது என்று யாராவது கடையில் குரல் உயர்த்தினால், வரிசையில் பின்னால் நிற்கும் ஒருவர் இந்தப் பழமொழியைத் தவறாமல் எடுத்து விடுவார். இங்கே அது பொருந்தாது. முன்னுரிமைக் குடும்பங்களுக்கு இது சட்டம் தந்த உரிமை. தர வேண்டிய தானியத்தைத் தராவிட்டால் அதற்கு ஈடாகப் பணப்படி தர வேண்டும் என்றுகூட அந்தச் சட்டத்தில் இருக்கிறது. மற்றவர்களுக்கோ இது அரசின் கொள்கை. அதற்கும் ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1967 தேர்தலில் 'மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்று ரூபாய்க்கு அரிசி தரும் வாக்குறுதி முழங்கியது. 2006இல் கிலோ 2 ரூபாய், 2008இல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம். பெட்டிக்கடையில் தீப்பெட்டி வாங்கும்போதும் நாம் வரி கட்டுகிறோம். மாட்டின் பல்லைத் தாராளமாகப் பிடித்துப் பார்க்கலாம்.

இன்னொரு பேச்சும் உண்டு. இலவச அரிசியால் ஆட்கள் வேலைக்கு வருவதில்லை, சோம்பேறியாகிவிட்டார்கள் என்பது. சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. முன்னுரிமையற்ற அட்டைக்கு அதிகபட்சம் 20 கிலோ. உடலுழைப்புச் செய்யும் நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி வைத்துக்கொண்டால் 1.6 கிலோ ஆகிறது. 20 கிலோ பன்னிரண்டரை நாளில் தீர்ந்துவிடும். மாதத்தின் மீதிப் பதினேழு பதினெட்டு நாளுக்கு அரிசியும், முப்பது நாளுக்கும் புளியும் மிளகாயும் காய்கறியும் வேலைக்குப் போய்ச் சம்பாதித்துத்தான் வாங்க வேண்டும். பீடிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் பேர்ணாம்பட்டுப் பெண்களிடம் போய்ச் சோம்பேறித்தனத்தைப் பற்றி யாரும் பேசிவிட முடியாது.

வசதியுள்ளவர்களின் பொறுப்பைப் பற்றிப் பேசுவதற்குத்தான் நிறைய இருக்கிறது. உண்மையில் அரிசி வேண்டாதவர் சர்க்கரை அட்டைக்கோ பொருளில்லா அட்டைக்கோ வகை மாற்றம் கேட்டு விண்ணப்பிக்கலாம். பலர் அப்படி மாறியும் இருந்தார்கள். பிறகு 2020 டிசம்பரில் சர்க்கரை அட்டையை அரிசி அட்டையாக மாற்ற அவகாசம் தரப்பட்டது. 2021 பொங்கலுக்கு அரிசி அட்டைக்கு 2,500 ரூபாய் என்று அறிவிப்பு வந்திருந்த நேரம் அது. எங்கள் தெருவில் சில வீட்டாருக்கு அந்த மார்கழியில் திடீரென்று அரிசிப் பசி எடுத்தது. சட்டப்படி அதில் குற்றமில்லை. எனக்குத்தான் அவர்களைப் பார்க்கும்போது இன்றும் சிரிப்பு வருகிறது.

பெயர்க் கணக்கு

இப்போது அத்தையிடம் திரும்புவோம். பெயரை நீக்கச் சொல்லி யாரும் அவரைத் தேடி வரவில்லை. சிக்கல் வாணியம்பாடியிலிருந்து வந்தது. மகளுக்குக் குழந்தை பிறந்தது. கணவர் வீட்டுக் கார்டில் அவள் பெயரைச் சேர்க்க விண்ணப்பித்தார்கள், நிராகரிக்கப்பட்டது. ஆதார் எண் ஏற்கெனவே வேறொரு கார்டில் இருக்கிறது என்றது கணினி. அந்த வேறொரு கார்டு அத்தையுடையது. கார்டில் பெயர் இல்லையென்றால் அரிசி மட்டும் போகவில்லை. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுக்குக் குடும்ப அட்டை வேண்டும். பல சான்றிதழ்களுக்கும் நலத்திட்டங்களுக்கும் அதுதான் முதல் தாள். அம்மா தன் வீட்டு அரிசிக்காகப் பிடித்து வைத்திருந்த பெயர், மகளை அவள் வீட்டில் ஆளில்லாதவளாக்கி வைத்திருந்தது.

அரிசியாவது மிஞ்சியதா என்று பார்த்தால் அதுவும் இல்லை. அத்தையுடையது முன்னுரிமையற்ற அட்டை. அதில் ஒரு பெரியவருக்கு 12 கிலோ, இருவருக்கு 16, மூவரோ அதற்கு மேலோ இருந்தால் 20. ஐந்து பெயர் இருந்தபோதும் 20 கிலோதான் வாங்கினார். மூன்று பெயர் இருந்தாலும் 20 கிலோதான் கிடைக்கும். சர்க்கரை ஆளுக்கு அரைக் கிலோ, உச்சவரம்பு 2 கிலோ. எனவே ஐந்து பேருக்கு 2 கிலோ, மூன்று பேருக்கு ஒன்றரை. இரண்டு ஆண்டுகளாக அவர் காத்து வந்த ரகசியத்தின் மொத்த மதிப்பு மாதம் அரைக் கிலோ சர்க்கரை. கிலோ 25 ரூபாய் என்றால் பன்னிரண்டரை ரூபாய். இதைக் காகிதத்தில் எழுதிக் காட்டியபோது அத்தைக்கு என் மேல்தான் கோபம் வந்தது.

பெயர் நீக்கம் பெரிய வேலை ஒன்றுமில்லை. இறந்தவருக்கு இறப்புச் சான்றிதழ், திருமணமானவருக்குத் திருமணத்துக்கான ஆதாரம். இணையத்தில் செய்யலாம், இ-சேவை மையத்தில் செய்யலாம், வட்ட வழங்கல் அலுவலகத்தில் நேரில் கொடுக்கலாம். மாதந்தோறும் இரண்டாவது சனிக்கிழமை வட்டந்தோறும் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாம் நடக்கும்; ஒரே நாளில் முடிய வேண்டும் என்பவர்களுக்கு அதுதான் நல்லது. வட ஆற்காடு என்ற பழைய பெருமாவட்டம் 1989இல் இரண்டாகி, அதில் மிஞ்சிய வேலூர் 2019 நவம்பரில் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது நினைவிருக்கலாம். வாணியம்பாடி இப்போது திருப்பத்தூர் மாவட்டம். அத்தைக்கு அது இன்னும் வேலூர்தான். ஆகவே மகளின் மனுவையும் வேலூரிலேயே கொடுத்துவிடலாம் என்று பிடிவாதம் பிடித்தார். நீக்கம் எந்தக் கார்டிலிருந்தோ அந்த வட்டத்தில், சேர்ப்பு எந்தக் கார்டிலோ அந்த வட்டத்தில். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் பஸ் செலவு மிஞ்சும்.

அடுப்புக் கணக்கு

ஒரு வீட்டில் இரண்டு கார்டு இருக்கலாமா? இருக்கலாம். ஒரே முகவரி என்பது தடையில்லை. சமையல் தனியாக நடக்க வேண்டும். தனிக்குடித்தனம் என்ற சொல்லை நம் பாட்டிமார்கள் எந்தப் பொருளில் சொன்னார்களோ, அரசும் கிட்டத்தட்ட அதே பொருளில்தான் கேட்கிறது. அடுப்பு எத்தனை என்று.

2023 செப்டம்பர் 15இல் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியது. ஒரு கார்டுக்கு ஒரு பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். அதற்கு முன்னும் பின்னும் தனிக் கார்டு கேட்கும் மனுக்கள் குவிந்தன. மாமியாரும் மருமகளும் அதுவரை ஒரே சட்டியில் சாப்பிட்ட வீடுகளில் திடீரென்று பாகப்பிரிவினை நடந்தது. சத்துவாச்சாரியில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி புதிதாக மணமானவன். கீழே அம்மா வீடு, மாடியில் இவனும் மனைவியும். சாப்பாடு மூன்று வேளையும் கீழே. தனிக் கார்டுக்கு விண்ணப்பித்தான். விசாரணைக்கு வந்த அலுவலர் மாடி ஏறினார். சமையலறை பளபளவென்று இருந்தது. கேஸ் அடுப்பு இருந்தது, சிலிண்டரும் இருந்தது. அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "உப்பு எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பெண் தன்னையறியாமல் கீழே கையைக் காட்டினாள்.

மனு திரும்பி வந்தது. நான்கைந்து மாதம் கழித்து உண்மையாகவே மாடியில் சமைக்கத் தொடங்கினார்கள். காரணம் கார்டு இல்லை, கருவாட்டுக் குழம்பில் புளி எவ்வளவு என்ற தகராறு. இரண்டாம் முறை விண்ணப்பித்தபோது கார்டு வந்துவிட்டது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அடுப்பு பிரிவதற்கு முன்னால் கார்டைப் பிரிக்கப் பார்த்ததுதான் தப்பு. ஒரே அடுப்புக்கு இரண்டு கார்டு வாங்கினால் கூடுதல் அரிசி வானத்திலிருந்து வருவதில்லை. அந்த ஒதுக்கீட்டின் செலவு வேறு எங்கோ எழுதப்படுகிறது. பொய்த் தகவல் என்று தெரியவந்தால் கார்டே ரத்தாகலாம். அப்போது அம்மா வீட்டுக் கார்டுக்கும் சேர்ந்து விசாரணை வரும்.

விரல், கண், மாற்று ஆள்

2020 அக்டோபர் முதல் கடையில் விரல் ரேகை வைத்து வாங்குகிறோம். கார்டில் பெயர் உள்ள யாராவது ஒருவர் வந்து வைத்தால் போதும். இதனால் ஒரு பழைய கேடு குறைந்தது: மளிகைக் கடையில் கடனுக்குக் கார்டை அடமானமாக வைப்பது. கார்டு கடைக்காரரிடம், அரிசியும் கடைக்காரருக்கு, கடன் மட்டும் குடும்பத்துக்கு. இப்போது அட்டையோடு விரலையும் அடமானம் வைத்தாக வேண்டும்.

புதிய தொல்லையும் வந்தது. இலை நறுக்கி, பீடி சுற்றி, நூல் இழுத்து, தோல் பதனிடும் தொட்டியில் கை வைத்து ரேகை தேய்ந்துபோன விரல்கள் இந்த மாவட்டங்களில் ஏராளம். இயந்திரத்தில் விரலை வைத்துத் துடைத்து, மறுபடி வைத்து, வேறு விரலை வைத்து, பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்ட, அந்த அம்மா தானே ஏதோ குற்றம் செய்ததுபோல் நிற்பார். குற்றம் அவருடையதில்லை. கருவிழி பார்க்கும் கருவி உள்ள கடைகளில் அதைக் கேட்கலாம். நடக்க முடியாத முதியவரோ மாற்றுத்திறனாளியோ, தமக்குப் பதிலாக இன்னார் வாங்கிக்கொள்ளலாம் என்று அங்கீகாரச் சான்று எழுதிக் கொடுக்க வழி இருக்கிறது. வயது முதிர்ந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருளை வீட்டுக்கே கொண்டுபோய்த் தரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. கார்டில் பெயர் இல்லாத பக்கத்து வீட்டுப் பையனிடம் கார்டைக் கொடுத்தனுப்புவதற்கு முன் இவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

முன்னுரிமை அட்டை உள்ளவர்கள் ஒவ்வோர் உறுப்பினரின் ரேகையையும் ஒருமுறை பதிந்து அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டும் என்றும் சொல்லப்படுகிறது. பெங்களூரில் வேலைக்குப் போன பிள்ளையைத் தீபாவளிக்கு வரும்போது கடைக்கு அழைத்துப் போய்விட்டால் வேலை முடிந்தது.

மத்தியானம் வரும் மொபெட்

மாதத்தின் முதல் பாதியில், வெயில் உச்சியில் நிற்கும் நேரம், சில தெருக்களில் ஒரு மொபெட் வரும். பின்னால் மடித்த சாக்குகள், கைத்தராசு ஒன்று. ஆள் கூவமாட்டார், ஒலிப்பானை இரண்டு முறை அழுத்துவார். கதவுகள் திறக்கும். ரேஷன் அரிசி கிலோவுக்குச் சில ரூபாய் என்று கைமாறும். பத்து நிமிடத்தில் தெரு பழையபடி ஆகிவிடும்.

அந்த அரிசி எங்கே போகிறது என்பது இங்கே ஊரறிந்த விஷயம். காட்பாடி, ஜோலார்பேட்டை, அரக்கோணம் ரயில் நிலையங்களில் ஆந்திராவுக்கும் கர்நாடகத்துக்கும் போகும் ரயில்களின் இருக்கைகளுக்கு அடியிலிருந்து மூட்டை மூட்டையாகப் பிடிக்கிறார்கள். எல்லைச் சோதனைச்சாவடிகளில் லாரியோடு பிடிபடுவதும் உண்டு. அங்கே பாலிஷ் போடப்பட்டு, புதுப் பையில், புதுப் பெயரில் கடைக்கு வருகிறது. நாம் சில ரூபாய்க்குக் கொடுத்ததையே பல மடங்கு விலைக்கு நாமே திரும்ப வாங்கினாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.

இது அத்தியாவசியப் பண்டங்கள் சட்டம், 1955இன் கீழ் குற்றம். கைது செய்வதற்கென்றே குடிமைப் பொருள் வழங்கல் குற்றப் புலனாய்வுத் துறை என்ற தனிக் காவல் பிரிவு இருக்கிறது. தொடர்ந்து கடத்துபவரை 1980ஆம் ஆண்டுக் கள்ளச்சந்தைத் தடுப்புச் சட்டத்தில் ஆறு மாதம் வரை விசாரணையின்றி அடைத்து வைக்கலாம். ஆனால் செய்தித்தாளில் படத்தைப் பார்த்தால் மூட்டைகள் இருக்கும், காவலர்கள் இருப்பார்கள், சில சமயம் கூலிக்கு மூட்டை தூக்கிய ஒரு நடுவயதுப் பெண் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்பார். முதல் போட்டவர் அந்தப் படங்களில் இருந்து நான் பார்த்ததில்லை.

வாங்கிய அரிசி பிடிக்கவில்லையென்றால் என்ன செய்வது? வேகவைத்துச் சாப்பிட முடியாது என்பவர்கள் இட்லிக்கும் தோசைக்கும் ஊறவைக்கிறார்கள். கேழ்வரகுக் களிக்கு நொய்யாக உடைத்துப் போடுகிறார்கள், ஆடியில் கூழுக்கும் அதுதான். (நீலகிரியிலும் தர்மபுரியிலும் 2023இல் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். களி தின்று வளர்ந்த எங்கள் பக்கத்துக்கும் அது வந்தால் நான் முதல் ஆளாக நிற்பேன்.) அரிசியில் கொஞ்சம் மஞ்சளாக, வேறு மாதிரி இருக்கும் மணிகளைப் 'பிளாஸ்டிக் அரிசி' என்று பொறுக்கி எறிபவர்கள் உண்டு. அவை செறிவூட்டப்பட்ட அரிசி மணிகள். அரிசி மாவோடு இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவிலேயே செய்து, நூறு மணிக்கு ஒன்று என்ற அளவில் கலக்கிறார்கள். இரத்தசோகைக்காகச் சேர்த்ததைத்தான் பொறுக்கி எறிகிறோம்.

எதுவுமே வேண்டாம் என்றால் வாங்காமல் விடலாம். வாங்காவிட்டால் அது கடை இருப்பில் நிற்கும்; அடுத்த ஒதுக்கீட்டில் கழியும். விற்பதற்கும் விடுவதற்கும் நடுவில் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் அது கடை இருப்பில்தான் நிற்கிறதா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

குறுஞ்செய்தி

பொருள் வாங்கியதும் பதிவு செய்த செல்பேசி எண்ணுக்கு, இன்ன பொருள் இத்தனை கிலோ வாங்கினீர்கள் என்று செய்தி வரும். இதைப் படிக்காமல் அழிப்பவர்கள்தான் பெரும்பாலோர். வாங்காத பொருளுக்குப் பில் போடுவது என்ற பழைய தந்திரத்துக்கு நம் கையில் உள்ள ஒரே தராசு அந்தச் செய்திதான். தவறு என்றால் 1967 என்ற கட்டணமில்லா எண்ணுக்குச் சொல்லலாம். வட்ட வழங்கல் அலுவலரிடம் எழுதிக் கொடுக்கலாம். அதேபோல, டீத்தூளும் சோப்பும் வாங்கினால்தான் அரிசி என்று யாராவது சொன்னால், அவை கட்டாயமில்லை என்று பணிவாகச் சொல்லலாம். பணிவாக என்கிறேன். ஏனென்றால் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கும் விற்பனையாளருக்கும் ஒரு கணக்கு உண்டு. அந்தப் பொருள்களை இத்தனை விற்க வேண்டும் என்று மேலிருந்து இலக்கு வரும். கிடங்கிலிருந்து வரும் மூட்டையில் எடை குறைந்தால் அதை அவர்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது என்று பல விற்பனையாளர்கள் புலம்பக் கேட்டிருக்கிறேன். பிறகு அது நம் தட்டில் இறங்குகிறது. அவர் நிலைமை புரிகிறது என்பதற்காக நம் எடையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

அத்தைக்கு இந்தச் செய்தி ஒருநாளும் வந்ததில்லை. முகாமில் பெயர்களை நீக்கும்போதுதான் காரணம் தெரிந்தது. பதிவாகியிருந்த எண் மாமாவுடையது. அந்தப் பழைய பொத்தான் செல்பேசி ரீசார்ஜ் இல்லாமல் பீரோவுக்குள் பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தது. இரண்டு ஆண்டுகளாக அந்த வீட்டின் அரிசிக் கணக்கு இறந்தவருக்குப் போய்க்கொண்டிருந்தது.

எண்ணை மகனுடையதாக மாற்றினார்கள். குடும்பத் தலைவர் படத்தில் அத்தை வந்தார். மாமாவின் படம் உள்ள பழைய கார்டை யாரும் கேட்கவில்லை. அது இன்னும் அதே பையில் இருக்கிறது. அடுத்த மாதம் அரிசியும் சர்க்கரையும் பாமாயிலும் வாங்கிக்கொண்டு வந்தார். துவரம்பருப்பு இன்னும் வரவில்லை என்று கடையில் சொல்லியிருந்தார்கள். மாலை மகன் வேலையிலிருந்து வந்ததும் செய்தியைப் படித்துக் காட்டினான். அரிசி 20 கிலோ, சர்க்கரை ஒன்றரைக் கிலோ, பாமாயில் ஒரு லிட்டர், துவரம்பருப்பு ஒரு கிலோ.

அத்தை மறுநாள் காலை செல்பேசியை வாங்கிக்கொண்டு கடைக்குப் போனார். படிக்கத் தெரியாது, செய்தி உள்ள பக்கத்தைத் திறந்து வைத்தபடியே, அது அணைந்துவிடாமல் இருக்க வழியெல்லாம் விரலால் தொட்டுக்கொண்டே போனாராம். விற்பனையாளர் திரையைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு கிலோ பருப்புப் பொட்டலத்தை எடுத்துவந்து எதுவும் பேசாமல் கவுண்டர் மேல் வைத்தார். அத்தை முப்பது ரூபாயை எண்ணி அதன் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார்.